சேரும் முன் அவர்கள் கணக்கைப் படியுங்கள்

எங்கள் கணக்கு, தணிக்கைத் தொழிலில் இருக்கும் வீடுகளில் ஆவணி முகூர்த்தம் பார்ப்பது கொஞ்சம் சிக்கலான விஷயம். ஆடியில் எப்படியும் கல்யாணம் கிடையாது, அதனால் ஜூலை 31 வருமான வரி ரிட்டர்ன் தேதி யாருக்கும் இடிக்காது. ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசையாக வரும். அதே நாட்களில்தான் ஆடிட் ஆபீஸ்களில் செப்டம்பர் 30-க்குள் முடிக்கவேண்டிய டாக்ஸ் ஆடிட்டுக்காக (வருமான வரிக்கான தணிக்கை) ராத்திரி பத்து மணி வரை விளக்கு எரியும். சொந்தத் தம்பி கல்யாணத்தில் தாலி கட்டியதும் பந்தியில்கூட உட்காராமல் ஆபீசுக்குத் திரும்பிய ஆடிட்டர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் அதை ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. அந்த மாதத்தின் பரபரப்பு அவருக்குப் பிடிக்கும். நவம்பரில் பத்து நாள் குடும்பத்தோடு எங்காவது போய்விடுவார். இருபது வருடமாக அவர் வாழ்க்கை அந்தத் தாளத்தில் நன்றாகவே ஓடுகிறது.

ஒரு வேலையிடம் நமக்கு ஒத்துவருமா என்று யோசிக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது அதன் நாட்காட்டியைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சம்பளத்தைப் பேசிக் கூட்டலாம். மேனேஜர் மாறலாம். தேதிகள் மாறாது.

ஆடிட் ஆபீசுக்கு வருடம்தான் அளவு. ஏப்ரல் முதல் பாதியில் வங்கிக் கிளை ஆடிட், ஜூலையில் ரிட்டர்ன்கள், செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட்டும் கம்பெனிகளின் ஆண்டுப் பொதுக்கூட்டமும், அக்டோபர் 31 வரை அதன் வால். ஃபேக்டரி அக்கவுண்ட்சுக்கு மாதம்தான் அளவு. 7-ஆம் தேதி டி.டி.எஸ். (பிடித்த வரியைக் கட்டுவது), 11 ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை விவரம்), 14-இல் 2பி (வாங்கியதற்கான வரிப் பட்டியல்) வந்து விழும், 15 பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20 ஜி.எஸ்.டி.ஆர்-3பி (வரி கட்டும் மாத ரிட்டர்ன்), நடுவில் சம்பளம். பன்னிரண்டு தடவையும் இதே ஓட்டம். வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் கணக்கு வேலைக்காக இங்கே வைத்திருக்கும் ஷேர்டு சர்வீஸ் சென்டர்களில் மாதக் கடைசியும் அடுத்த ஐந்தாறு வேலை நாட்களும்தான் உயிர். டிசம்பரில் வருடம் முடிக்கும் கம்பெனி என்றால் ஜனவரி முதல் பாதி முழுக்கக் கணக்கை முடிக்கும் குளோசிங்தான், பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். கருவூலத்தில் வேலை பார்க்கிறவரைக் கேட்டால் மார்ச்சைத் தவிர வேறு மாதத்தைப் பற்றிப் பேசமாட்டார்.

இதில் எது உசத்தி என்ற கேள்வியே இல்லை. வருடத்தில் மூன்று மாதம் மூச்சுவிடாமல் ஓடி, மீதியில் நிதானமாக இருக்க முடிகிறவர்கள் உண்டு. அதே ஓட்டம் சிலருக்கு உடம்பைக் கெடுத்துவிடும், மாதாமாதம் அளவாக வரும் நெருக்கடி அவர்களுக்குச் சரியாக இருக்கும். சின்னக் குழந்தையோ படுக்கையில் இருக்கும் பெரியவரோ வீட்டில் இருந்தால் கணக்கே வேறு. இன்டர்வியூவில் யாரும் இதைக் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. சேர்ந்த பிறகு செப்டம்பரில்தான் தெரியவருகிறது.

சி.ஏ. படிப்பின் ஆடிட் ஆபீஸ் பயிற்சியான ஆர்ட்டிக்கிள்ஷிப்பை நான் செய்தது கோவையில். அப்போது மூன்று வருடம். 2023 ஜூலை முதல் பதிவு செய்கிறவர்களுக்கு இரண்டு வருடமாகக் குறைத்துவிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஏனென்றால் அந்தக் காலத்தில்தான் ஒருவருக்குத் தன்னுடைய குணம் என்னவென்று தெரியவருகிறது.

என் குணம் எனக்குத் தெரிந்தது ஒரு நூற்பாலையின் பஞ்சுக் குடோனில். மார்ச் 31 அன்று ஸ்டாக் எடுக்க அனுப்பியிருந்தார்கள். பேல்கள் (அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதிகள்) கூரையைத் தொடும்படி அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றும் சுமார் 170 கிலோ. முன்னால் தெரியும் வரிசையை எண்ணி, உயரத்தாலும் ஆழத்தாலும் பெருக்கினால் வேலை முடிந்தது என்று தோன்றும். எங்கள் சீனியர் அப்படி விடமாட்டார். அடுக்கின்மேல் ஏறி, நடுவில் பள்ளம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினேன். "பாத்து ஏறுங்க அம்மிணி, பட்டை கையக் கிழிச்சிரும்" என்று கீழே இருந்து குடோன் சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டே இருந்தார். மேலே பள்ளம் எதுவும் இல்லை. ஆனால் பட்டியலில் இருந்த ஒரு லாட் எங்கேயும் இல்லை. கேட்டதும் அவர் தயங்காமல் சட்டைப் பையிலிருந்து கசங்கிய இஷ்யூ சிலிப்பை (பஞ்சு ஆலைக்குள் போனதற்கான சீட்டு) எடுத்தார். "அது நேத்து ராத்திரியே ப்ளோரூமுக்குப் போயிருச்சுங்க. சீட்டு இன்னும் ஆபீசுக்கு அனுப்பல." அதை வாங்கி என் தாளில் பச்சை மையில் எழுதினேன். தலைமுடி, புருவம் எல்லாம் பஞ்சு. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பேலன்ஸ் ஷீட்டில் 'சரக்கிருப்பு' என்று ஒரே வரியில் வரும் தொகை அங்கே எடையும் தூசியுமாக என் முன்னால் இருந்தது.

என்னோடு வந்த இன்னொரு ஆர்ட்டிக்கிளுக்கு அந்த நாள் பெரிய தண்டனை. அவனுக்கு வங்கிக் கிளை ஆடிட்தான் உயிர். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, கடன் கணக்குகளை வரிசையாகப் பார்த்து, 90 நாள் தாண்டி வட்டி கட்டாமல் வாராக்கடன் ஆகவேண்டிய கணக்கை மேனேஜர் எப்படிப் புதுப்பித்துக் காட்டியிருக்கிறார் என்று கண்டுபிடிப்பதில் அவனுக்குப் பசியே எடுக்காது. அவனும் நானும் ஒரே பரீட்சைக்குத்தான் படித்துக்கொண்டிருந்தோம்.

ஆடிட்டில் நிலைத்து நிற்கிறவர்களிடம் நான் பார்த்த பொதுவான குணம் ஒன்றுண்டு: நம்பத் தோன்றும் இடத்திலும் ஒரு தடவை போய்ப் பார்ப்பார்கள். சத்யம் என்ற மென்பொருள் கம்பெனியின் கணக்கு மோசடி 2009 ஜனவரி 7 அன்று வெளிவந்தபோது, ரொக்கமாகவும் வங்கியிலும் இருப்பதாகக் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதன் தலைவரே கடிதம் எழுதினார். வங்கி இருப்பு என்பது ஆடிட்டில் மிக எளிதான வேலை என்று நினைத்துப் புதிதாக வந்த பையன்களிடம் கொடுத்துவிடுவார்கள். இருப்பு எவ்வளவு என்று வங்கிக்கு நாமே நேராக எழுதி, பதில் நம் ஆபீசுக்கே நேராக வரவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிற ஆபீஸ் உங்களுக்குக் கிடைத்தால் அங்கே இருங்கள். கம்பெனி கொடுத்த ஸ்டேட்மெண்ட் ஜெராக்ஸ் போதும் என்கிற ஆபீசில் எத்தனை வருடம் இருந்தாலும் கற்றுக்கொள்ளப்போவது ஒன்றுமில்லை.

ஆனாலும் ஆடிட் எனக்குப் பொருந்தவில்லை. பஞ்சு எண்ணிவிட்டு வந்துவிடுவோம். அந்தப் பஞ்சு நூலாகி, நூலுக்கு விலை கிடைத்ததா இல்லையா என்று அடுத்த மார்ச்சில்தான் தெரியும், அதுவும் ஒரு எண்ணாக. எனக்கு உள்ளே இருக்கவேண்டும் போல இருந்தது.

முதலில் போனது சென்னை. 2000களின் தொடக்கத்திலேயே உலக வங்கி தன் கணக்கு வேலைகளில் ஒரு பகுதியைச் சென்னைக்குக் கொண்டுவந்துவிட்டது, தரமணியில் அதன் ஆபீஸ் இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ வெளிநாட்டுக் கம்பெனிகள் கிண்டியிலும் ஓ.எம்.ஆரிலும் இதேபோல சென்டர் வைத்திருக்கின்றன. நான் சேர்ந்த இடத்தில் நல்ல சம்பளம், வாரம் ஐந்து நாள், ராத்திரி ஷிஃப்டுக்கு வீட்டு வாசல் வரை கேப். என் வேலை இன்டர்கம்பெனி ரிகன்சிலியேஷன். ஒரே குழுமத்தின் இரண்டு கம்பெனிகள் ஒன்றுக்கொன்று தரவேண்டியதும் பெறவேண்டியதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. அமெரிக்காவில் 2002-இல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தால் ஒவ்வொரு என்ட்ரிக்கும் போட்டவர் ஒருவர், பார்த்தவர் ஒருவர், சான்று ஒன்று. அந்த ஒழுங்கை அங்கேதான் கற்றேன், இன்றுவரை சோறு போடுகிறது. என் பக்கத்து சீட் தோழி இன்னமும் அங்கேதான் இருக்கிறாள், டீம் லீடாகி, இரண்டு குழந்தைகளை வளர்த்து, நிம்மதியாக. அவளுக்கு அது சரியான இடம். மாதத்தில் எந்த நாட்கள் தன்னுடையவை, எவை கம்பெனியுடையவை என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். எனக்கோ அந்தக் கம்பெனி என்ன பொருள் செய்கிறது என்பதையே அதன் விளம்பரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது.

அரசுப் பக்கம் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தேனாம்பேட்டை ஏ.ஜி. ஆபீசில் இருக்கும் உறவினர் ஒருவர் ஒரு ஆடிட் பாரா (தணிக்கையில் கண்ட குறை) எழுதிவிட்டு அதற்குத் துறையின் பதில் வரும்வரை வருடக்கணக்கில் பொறுமையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பொறுமையும் ஒரு திறமைதான். அது இருப்பவர்கள் மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

திருப்பூருக்கு வந்தபோதுதான் எனக்குக் கை கால் விளங்கியது. ஏற்றுமதி பனியன் கம்பெனியில் துணி ஒரே கூரைக்குள் இருப்பதில்லை. நூல் நிட்டிங்குக்குப் போகும், துணியாகி டையிங்குக்குப் போகும், அங்கிருந்து காம்பாக்டிங், பிரிண்டிங், திரும்பி வந்து கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங். ஒவ்வொரு தடவையும் ஒரு டெலிவரி செலான், ஒரு எடை, ஒரு பில், ஒரு கழிவு. இந்த எடைகளை ஒன்றோடொன்று கட்டிப்போடுவதுதான் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்டின் உண்மையான வேலை. ஒரு டி-ஷர்ட்டுக்கு என்ன அடக்க விலை என்று மெர்ச்சண்டைசர் கேட்கும்போது பதில் நம் கையில் இருக்கும். அந்த விலையில் அவர் ஆர்டர் எடுத்தார் என்றால் அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

அங்கே இரண்டு கம்பெனிகளில் வேலை பார்த்தேன். வேலையிடப் பொருத்தம் என்று நான் இன்று எதைச் சொல்கிறேனோ அதை அந்த இரண்டும்தான் எனக்குக் காட்டின.

முதல் இடத்தில் ஒரு டையிங் பில் வந்தது. நாங்கள் அனுப்பியது 412 கிலோ, பில்லில் 436. டையிங்குக்கு அனுப்பிய எடைக்குத்தான் கூலி, அது கூடுவதற்கு வழியே இல்லை. பில்லை நிறுத்திவைத்துக் கேட்டேன். "அதெல்லாம் வேண்டப்பட்டவங்க பில்லுங்க. என்ட்ரிய மட்டும் போடுங்க" என்றார் மேனேஜர். குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னை உறுத்தியது. அங்கே அது தினசரிப் பழக்கம். என் கேள்வியை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களைப் பொறுத்தவரை நான் கேள்வியே கேட்கவில்லை.

இரண்டாவது இடத்தில் ஏறக்குறைய இதே போன்ற வித்தியாசம் வந்தது. அந்த மேனேஜர் என் மேசைக்கு வந்து நின்றுகொண்டே செலானைப் பார்த்தார். ஸ்டோருக்குப் போன் போட்டார். எடைச்சீட்டை எடுத்துவரச் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் பார்த்தால் அதே வண்டியில் இன்னொரு செலானில் போன ரிப் துணியும் அந்த பில்லிலேயே சேர்ந்திருந்தது, பில் சரிதான். "நல்லா கேட்டீங்க. இனிமே ரெண்டு செலான் நம்பரும் பில்லுல வரணும்னு டையிங்ல சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு தப்பும் இல்லாத பில்லுக்காக அவருடைய முக்கால் மணி நேரம் போயிருந்தது. அவர் முகத்தில் அதற்கான சலிப்பு துளியும் இல்லை. அந்த இடத்தில் நெடுநாள் இருந்தேன்.

அதனால் யாராவது ஆலோசனை கேட்டால், சேர்ந்த முதல் மாதத்திலேயே உண்மையான சந்தேகம் ஒன்றை வாய்விட்டுக் கேளுங்கள் என்று சொல்கிறேன். உங்கள் கேள்வி சரியாக இருக்கவேண்டும் என்பதுகூட முக்கியமில்லை. அதை யார் எடுத்துக்கொள்கிறார்கள், எங்கே கொண்டுபோகிறார்கள் என்று பாருங்கள். கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள். கணக்கு மென்பொருளான டேலியிலோ எஸ்.ஏ.பி.யிலோ உங்கள் யூசர் ஐடியில் வேறு யாராவது என்ட்ரி போடுகிறார்களா? பாஸ்வேர்டை மானிட்டரில் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறார்களா? டைரக்டரின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் டி.எஸ்.சி. டோக்கன் உங்கள் மேசை டிராயரில் கிடக்கிறதா? 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் எப்போது செய்யப்பட்டது என்று பதிவாகவேண்டும், அந்தப் பதிவை அணைக்கவும் கூடாது. மார்ச் என்ட்ரியை ஜூனில் போய் யாரோ மாற்றினால் எடிட் லாக் எனப்படும் அந்தப் பதிவில் நிற்பது உங்கள் பெயர்.

இதெல்லாம் சேர்ந்த பிறகு தெரிவது. சேரும் முன்பே பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது, நம் ஆட்களே அதைச் செய்வதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். வேறெந்தத் தொழிலுக்கும் இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. நம்மை எடுக்கப்போகும் நிறுவனத்தின் ஒழுக்கம் பொதுவெளியில் கிடக்கிறது, அதை வாசிக்கத்தான் நாம் படித்திருக்கிறோம்.

அவர்களுடைய ஏதாவது ஒரு பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்கும். அதை ஜி.எஸ்.டி. தளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் போட்டால், லாகின் இல்லாமலே, எந்த மாத ரிட்டர்னை எந்தத் தேதியில் தாக்கல் செய்தார்கள் என்ற அட்டவணை வரும். தனிநபர் நிறுவனமாக இருந்தாலும் பார்ட்னர்ஷிப்பாக இருந்தாலும் இதைப் பார்க்கலாம். ஓரிரு மாதம் தள்ளிப்போவது எந்தத் தொழிலிலும் நடக்கும், பையர் பணம் தாமதமானால் திருப்பூரில் பாதி ஊருக்கு அப்படித்தான். ஆனால் வருடம் முழுக்க 3பி ஒரு மாதம் பிந்தியே போயிருக்கிறது என்றால், அங்கே சேருகிறவர் முதல் நாளிலிருந்து நோட்டீசுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பார்.

கம்பெனி என்றால், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ. தளத்தில் 100 ரூபாய் கட்டினால் அவர்கள் தாக்கல் செய்த ஆவணங்களைத் திறந்து பார்க்கலாம். நேராக ஆடிட் ரிப்போர்ட்டுக்குப் போங்கள். ஆடிட்டர் கூடுதலாகச் சில விஷயங்களைப் பற்றி எழுதவேண்டும் என்று சொல்லும் உத்தரவான காரோ 2020 சிறு கம்பெனிகளுக்குப் பொருந்தாது. பொருந்தும் கம்பெனி என்றால் ரிப்போர்ட்டின் இணைப்பில் இரண்டு விஷயம் பாருங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஜி.எஸ்.டி. போன்றவை தகராறு இல்லாமலே 6 மாதத்துக்கு மேல் பாக்கி நிற்கிறதா? வருட நடுவில் ஆடிட்டர் ராஜினாமா செய்தாரா? தொழிலாளி சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டாமல் வைத்திருக்கும் இடத்தில், பி.எஃப். ஆபீசிலிருந்து வரும் போனை எடுக்கவேண்டியவர் முதலாளி அல்ல, அக்கவுண்டன்ட். ரிப்போர்ட்டிலேயே எடிட் லாக் வருடம் முழுக்க இயங்கியதா என்றும் ஆடிட்டர் எழுதியிருப்பார். அதையும் படியுங்கள். சிறு, குறு நிறுவனங்களுக்குத் தரவேண்டிய பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்பதும் நோட்சில் இருக்கும். சப்ளையருக்கு இழுத்தடிக்கிற இடம் உங்கள் இன்கிரிமெண்டையும் இழுத்தடிக்கும்.

இன்டர்வியூவில் கேட்கவேண்டியது என்று பார்த்தால், மாதக் கணக்கு எந்தத் தேதியில் முடிகிறது என்று கேளுங்கள், சஸ்பென்ஸ் அக்கவுண்டில் (எதற்கானது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் கணக்கு) பழைய தொகை நிற்கிறதா என்று கேளுங்கள். இந்த நாற்காலியில் முன்பு இருந்தவர் எங்கே போனார் என்று கட்டாயம் கேளுங்கள். மூன்றுக்கும் நேராகப் பதில் வரும் இடம் அரிது, வந்தால் மதிப்புக் கொடுங்கள்.

வீட்டில் உடனே பணம் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பொருந்துமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கிடைத்த வேலையில் சேரத்தான் வேண்டும், அதில் குறைவு ஒன்றும் இல்லை. சேரும்போதே அது எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்து சேர்ந்தால், எதில் கையெழுத்துப் போடக்கூடாது என்பதாவது முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கும். சி.ஏ. படிக்கிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஆர்ட்டிக்கிள்ஷிப்பின் கடைசி வருடத்தில் 9 முதல் 12 மாதம் வரை ஒரு கம்பெனியில் இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங் போகலாம். தேர்வுக்குப் படிக்க நேரம் கிடைக்காது என்று பெரும்பாலோர் அதைத் தொடுவதில்லை. இரண்டு பக்கத்தையும் சம்பளம் வாங்கிக்கொண்டே பார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அது.

என் அக்கா மகள் பி.காம். முடித்து, காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பான சி.எம்.ஏ.யில் இன்டரும் முடித்து, இரண்டு ஆஃபர் லெட்டரோடு வந்து நின்றாள். ஒன்று சென்னையில் ஷேர்டு சர்வீஸ் சென்டர், இன்னொன்று கோவையில் பம்ப் பாகங்கள் வார்க்கும் ஃபவுண்டரி. சம்பளத்தில் நல்ல வித்தியாசம். எது என்று நான் சொல்லவில்லை, எங்கே என்ன பார்க்கவேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஃபவுண்டரியின் 3பி எல்லாம் 18, 19, 20 என்று போயிருந்தது. பாக்கி எதுவும் இல்லை. முன்பு இருந்தவர் எங்கே என்று கேட்டதற்கு, அவர் ரிடையர் ஆகிவிட்டார், சனிக்கிழமைகளில் வந்து சொல்லிக்கொடுப்பார் என்று பதில் வந்தது. அக்காவுக்குச் சென்னை ஆஃபரை விட மனமே இல்லை, அந்த வருத்தம் இன்னும் முழுசாகப் போகவும் இல்லை. மகள் ஃபவுண்டரியில் சேர்ந்தாள்.

போன வாரம் மத்தியானம் அவளிடமிருந்து போன், உருக்கும்போது குறையும் எடையைப் பற்றி. "சித்தி, மெல்டிங் லாஸ் இந்த மாசம் ஆறு பர்சென்ட்னு காட்றாங்க. போன மாசம் நாலுதான். நானா எதாச்சும் மாத்திப் போட்டேனான்னு ரெண்டு தடவ பாத்துட்டேன், இல்ல."

"என்கிட்ட என்ன கேக்கற? சேஃப்டி ஷூவ போட்டுட்டு ஃபர்னஸ்கிட்ட போயி, உள்ள என்னென்ன போட்டாங்கன்னு எழுதின சார்ஜ் ஷீட்டப் பாரு. ஸ்கிராப் எந்த வண்டியில வந்துச்சுன்னு கேளு."

"அங்கதான் நிக்கறேன் சித்தி. சத்தம் கேக்கல?"